மூன்று நாடா, ஒரு சேலை

தறியையும் கணினியையும் சேர்த்துப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஜக்கார்டிலிருந்துதான் தொடங்குவார்கள். 1804-இல் பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மேரி ஜக்கார்டு செய்த பெட்டி அது. துளையிட்ட அட்டைகள் வரிசையாக வரும். துளை இருக்கிற இடத்தில் கொக்கி, நீளவாக்கில் ஓடும் பாவு இழையைத் தூக்கும், இல்லாத இடத்தில் இழை அப்படியே கிடக்கும். அதைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்தையும் அட்டையால் ஓட்டலாம் என்று திட்டமிட்டார். காஞ்சிபுரத்திலும் வடிவத்தை நூலாலேயே கட்டிவைத்து, ஆள் வைத்துத் தூக்கிய 'அடை' முறையின் இடத்தை இதே அட்டைப் பெட்டிதான் பிடித்தது.

எல்லாம் உண்மை. ஆனால் இயந்திரத்துக்கு எப்படி உத்தரவு கொடுப்பது என்பதோடு அந்தக் கதை நின்றுவிடுகிறது. பொறியியல் மாணவர்கள் இரண்டாம் ஆண்டில் திணறுகிற பாடம் வேறு: ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங். அதற்குத் தறியில் பார்க்க வேண்டிய இடம், சேலையின் உடலும் கரையும் சேர்கிற கோர்வை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி கணினி அறிவியல் மாணவர் முதல் பருவத்தில் பைத்தான் படிக்கிறார், இரண்டாவதில் சி, மூன்றாவதில் ஜாவா வழியாக இந்தப் பாடம். சி-யில் பழகிய கைக்குத் தரவு ஒரு பக்கம், அதைக் கையாளும் ஃபங்ஷன் இன்னொரு பக்கம். பட்டுக்கடைக்குக் கணக்கு எழுதச் சொன்னால் விலைக்கு ஓர் அரே, நிறத்துக்கு ஓர் அரே, விற்றதா இல்லையா என்பதற்கு மூன்றாவது அரே என்று போடுவார். 17-ஆவது சேலை போய்விட்டால் மூன்று இடத்திலும் அந்த 17-ஐத் தொட வேண்டும். நூறு வரி நிரலுக்கு இது போதும். பத்தாயிரம் வரியாகி, நாலு பேர் நாலு பக்கத்திலிருந்து அந்த அரேக்களில் கைவைத்தால், விலை எப்போது பூஜ்யமானது, யார் ஆக்கினார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும்.

ஆப்ஜெக்ட் என்பது இதற்கு வந்த மருந்து. சேலையின் விலை, நிறம், நிலை எல்லாவற்றையும், அவற்றை வைத்துச் செய்யக்கூடிய வேலைகளையும் ஒரே கட்டாகக் கட்டிவிடு. விலையை வெளியாள் தொட முடியாது. 'தள்ளுபடி கொடு' என்று சேலையிடமே கேட்க வேண்டும். 120 சதவீதம் தள்ளுபடி கேட்டால் அது மறுத்துவிடும். விலை கெட்டுப்போனால் தேட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று.

இதைச் சொல்லித்தர நம் வகுப்புகளில் கரும்பலகைக்கு வருபவை பெரும்பாலும் நாயும் பூனையும். விலங்கு ஒரு கிளாஸ், நாய் அதன் பிள்ளை. நாய் குரைக்கும், பூனை கத்தும். கேட்கச் சுலபம். ஆனால் எந்த மென்பொருளுக்காக நாயைக் குரைக்க வைக்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. உறை போட்ட பரீட்சை நோட்டில் நாய் குரைத்துக்கொண்டே இருக்கிறது.

கிளாஸுக்கும் ஆப்ஜெக்டுக்கும் உள்ள வித்தியாசமே பலருக்குப் பிடிபடுவதில்லை. கிராப் தாளில் கட்டம் கட்டமாகப் போட்ட டிசைன் கிளாஸ். அதை வைத்து நெய்து மடித்துப் பெட்டியில் போட்டது ஆப்ஜெக்ட். டிசைனை யாரும் உடுத்த முடியாது. ஒரே டிசைனில் அரக்கில் ஒன்று, எம்.எஸ். நீலத்தில் ஒன்று என்று எத்தனை சேலை வேண்டுமானாலும் இறக்கலாம். ஒன்றில் கறை பட்டால் மற்றதற்கு ஒன்றும் ஆகாது.

அடுத்த படிதான் வழுக்கும். இந்த மூன்று வரியைப் பாருங்கள்:

முதல் = புதிய சேலை(அரக்கு)
இரண்டு = முதல்
இரண்டு.நிறம் = பச்சை

இப்போது 'முதல்' என்ன நிறம்? வகுப்பில் பாதிப் பேர் அரக்கு என்பார்கள். விடை பச்சை. 'புதிய' என்ற சொல் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறது, எனவே நெய்யப்பட்டது ஒரே சேலை. 'முதல்', 'இரண்டு' இரண்டும் அந்த ஒரு சேலையில் கட்டிய இரண்டு சீட்டுகள். ஜாவாவில் முழு எண் போன்ற எளிய மதிப்புகளை இப்படி ஒதுக்கினால் நகல் கிடைக்கும். ஆப்ஜெக்டை ஒதுக்கினால் அது இருக்கும் இடத்தைக் காட்டும் சீட்டு மட்டுமே நகலாகும். இது மண்டையில் ஏறாமல் மேலே போகிறவர், லிங்க்டு லிஸ்டில் ஏன் எல்லா முனையும் ஒரே மதிப்பைக் காட்டுகிறது என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்.

ஆப்ஜெக்ட் என்ற யோசனை பிறந்தது நார்வேயில். ஆஸ்லோவில் நார்வே கணினி மையத்தில் ஓலே-யோஹான் டால், கிரிஸ்டன் நிகோர்ட் இருவரும் 1960-களில் சிமுலா என்ற மொழியைச் செய்துகொண்டிருந்தார்கள். நிஜ உலகத்தில் நடப்பதைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதற்கான மொழி அது. பாலத்துச் சுங்கச்சாவடியில் வரிசை நிற்கிறது; லாரியும் உண்டு, பேருந்தும் உண்டு. வரிசையில் நிற்கத் தெரிவது எல்லா வண்டிக்கும் பொது. சரக்கும் பயணிகளும் அந்தந்த வண்டிக்கே உரியவை. பொதுவை ஒருமுறை எழுதிவிட்டு அதன்மேல் தனித்தன்மையை ஏற்றினால் என்ன என்று அவர்கள் யோசித்ததில் வந்ததுதான் இன்ஹெரிட்டன்ஸ். சிமுலா 67-இல் கிளாஸ், ஆப்ஜெக்ட் எல்லாம் வந்துவிட்டன. 2001-ஆம் ஆண்டின் டூரிங் விருது இருவருக்கும் கிடைத்தது. 2002-இல் சில வார இடைவெளியில் இருவருமே காலமானார்கள். சிமுலாவைப் பார்த்த அமெரிக்கர் ஆலன் கே 1972-இல் ஸ்மால்டாக்கைத் தொடங்கினார். அதே சிமுலாவில் பழகிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979-இல் சி மொழிக்குக் கிளாஸ் சேர்க்கத் தொடங்கி சி பிளஸ் பிளஸ்ஸுக்கு வந்து சேர்ந்தார். 1995-இல் ஜாவா.

சுங்கச்சாவடி வரிசைக்கு இன்ஹெரிட்டன்ஸ் கச்சிதமாகப் பொருந்தியது. அந்தக் கச்சிதமே பாடப்புத்தகங்களைக் கெடுத்துவிட்டது என்பது என் கட்சி. எதைப் பார்த்தாலும் தாய், பிள்ளை, பேரன் என்று மரம் வரையத் தோன்றுகிறது.

கோர்வைக்கு வருவோம். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை வேண்டும், ஒரு நிறம் இன்னொன்றில் கலக்கக் கூடாது. ஊடை இழையைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா ஒன்றையே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஓட்டினால் உடலின் ஊடை கரைக்குள்ளும் புகுந்துவிடும். அதனால் மூன்று நாடா: இடக் கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலக் கரைக்கு ஒன்று. உடலின் ஊடை கரை தொடங்கும் இடம்வரை போய், அங்கே கரையின் ஊடையோடு கோத்துக்கொண்டு திரும்பும். ஒவ்வொரு வரியிலும் இரண்டு பக்கமும் இப்படி. ஒருவரால் மூன்று நாடாவையும் பார்த்துக்கொள்ள முடியாது. துணைக்கு இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். இரண்டு நிறமும் பல் பல்லாகக் கோத்துச் சேரும் வடிவம் தாழம்பூ ரேக்கு.

கரையில் யாளி ஓடுகிறதா, அன்னம் ஓடுகிறதா என்பது உடலுக்குத் தெரியத் தேவையில்லை. உடலில் புட்டா இருக்கிறதா, வெறுமையா என்பதில் கரைக்கு அக்கறையில்லை. வரிக்கு வரி இந்த இடத்தில் கோத்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரே ஒப்பந்தம்தான் இரண்டுக்கும் நடுவில். ஜாவாவில் இன்டர்ஃபேஸ் என்று படிக்கிற விஷயம் இதுதான்.

இதை மரமாக வரைந்து பாருங்கள். உடல் மூன்று வகை, கரை நாலு, முந்தி ஐந்து. ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு பிள்ளைக் கிளாஸ் என்றால் 60 கிளாஸ். சேலை என்ற ஒரு கிளாஸுக்குள் ஓர் உடல், ஒரு கரை, ஒரு முந்தி என்று பாகங்களாக வைத்துக்கொண்டால் பாகங்களுக்கு 12, சேலைக்கு ஒன்று. புதிதாக ஒரு கரை வந்தால் மரக்காரர் இன்னும் 15 கிளாஸ் எழுத வேண்டும். கோர்வைக்காரருக்கு ஒன்று போதும். எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசைட்ஸ் நால்வரும் 1994-இல் எழுதிய டிசைன் பேட்டர்ன்ஸ் புத்தகம் வலியுறுத்துவதும் இந்தப் பாகம் சேர்க்கிற வழியைத்தான். அதற்கு எத்தனையோ காலம் முன்பே காஞ்சிபுரத்தில் கரையைத் தனியாகவும் உடலைத் தனியாகவும் யோசிக்கிற பழக்கம் இருந்தது.

தறிக்கும் ஜாவாவுக்கும் ஒரு பெரிய வேற்றுமையும் உண்டு. நெய்த சேலையின் கரையை மாற்ற முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் ஒரே வரியில் மாற்றிவிடலாம். புதுக் கரை எது என்ற விவரம் சேலைக்குத் தெரியத் தேவையில்லை. இந்தச் சுதந்திரம் நல்லதுதான், கண்ட இடத்தில் மாற்றுகிறவர் கையில் அகப்படாதவரை.

மாணவர்களிடம் நான் போட விரும்பும் கேள்வி பெட்னி பற்றியது. முந்தியின் நிறம் உடலிலிருந்து வேறானால், ஊடையை மாற்றினால் மட்டும் போதாது, பாவையே மாற்ற வேண்டும். உடலின் பாவு இழைகளோடு முந்தியின் பாவு இழைகளைப் பிணைக்கிற வேலைதான் பெட்னி. முந்தி தொடங்குமிடத்தில் அந்தப் பிணைப்பின் கோடு இருக்கிறதா என்று விவரம் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். நிரலாக எழுதும்போது இந்தப் பிணைப்பு யாருடைய மெத்தட்? உடல் கிளாஸில் வைத்தால் உடல் முந்தியைத் தெரிந்துகொள்ள வேண்டிவரும். முந்தியில் வைத்தால் அதற்கு உடல் தெரிய வேண்டும். இரண்டையும் கையில் வைத்திருக்கும் சேலைக்குள் வைப்பேன் நான். சிலர் பெட்னியையே தனிக் கிளாஸாக்க வேண்டும் என்பார்கள். ஒரே வகைப் பிணைப்பு இருக்கும்வரை அது வீண் வேலை. இரண்டாவது வகை வரட்டும், அப்போது பிரித்துக்கொள்ளலாம்.