5 லிட்டர், 11½ ஆண்டு, 18 சதவீதம்

லைப்போசக்‌ஷன் செய்துகொள்ள நினைப்பவர் முதலில் போட வேண்டியது லிட்டர் கணக்கு. தோலுக்கடியிலிருந்து குழாய் வழியே உறிஞ்சி எடுப்பதெல்லாம் அறுவை அரங்கில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடியில் சேரும். சற்று நேரம் அசையாமல் இருந்தால் அது இரண்டாகப் பிரியும்: மேலே மஞ்சள் கொழுப்பு, அடியில் இளஞ்சிவப்பு நீர். அந்த நீரில் பெரும்பகுதி, உறிஞ்சுவதற்கு முன் மருத்துவரே தோலுக்கடியில் செலுத்தியது. ஆகவே 5 லிட்டர் எடுத்தார்கள் என்றால் 5 கிலோ குறைந்தது என்று பொருளல்ல. அதில் 3 லிட்டர் கொழுப்பு என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 0.9 கிலோ வீதம் குறைவது 2.7 கிலோதான்.

157 செ.மீ. உயரமும் 75 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணுக்கு உடல் நிறைக் குறியீடு 30.4. இந்த 2.7 கிலோ போன பிறகு அது 29.3. இந்தியர்களுக்கு உடல்பருமன் 25-லேயே தொடங்குகிறது என்று 2009-இல் மருத்துவ வல்லுநர்கள் வரையறுத்தார்கள். அந்தக் கோட்டைத் தொட இவர் 61.6 கிலோவுக்கு இறங்க வேண்டும், அதாவது 13 கிலோவுக்கு மேல் குறைய வேண்டும். லைப்போசக்‌ஷன் அதற்கான வழி அல்ல. உணவையும் நடையையும் சீராக்கிய பிறகும் இடுப்பிலோ தொடையிலோ கரையாமல் நிற்கும் கொழுப்புக்குத்தான் அது. விரல்களுக்கிடையே கிள்ளிப் பிடிக்க முடிகிற சதையைத்தான் எடுக்க முடியும். கல்லுப்போல் முன்தள்ளும் தொப்பையின் கொழுப்பு குடலைச் சுற்றி இருக்கிறது. அங்கே இந்தக் குழாய் போகவே கூடாது.

சர்க்கரை குறையும் என்று யாராவது ஆசை காட்டினால் 2004-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை நினைவில் வையுங்கள். உடல்பருமன் உள்ள 15 பெண்களுக்கு, சராசரியாக 9 முதல் 10½ கிலோ வரை கொழுப்பை எடுத்துப் பார்த்தார்கள். 10 முதல் 12 வாரம் கழித்துச் சோதித்தபோது இன்சுலின் செயல்பாட்டிலும் இரத்த அழுத்தத்திலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கொலராடோவில் 2011-இல் வெளியான இன்னொரு ஆய்வில், தொடையிலும் அடிவயிற்றிலும் எடுத்த கொழுப்பு ஓராண்டுக்குள் உடலில் திரும்பச் சேர்ந்துவிட்டது. தொடையில் அல்ல, பெரும்பாலும் வயிற்றில்.

அடுத்தது மில்லிகிராம் கணக்கு. உள்ளே செலுத்தும் நீரில் மரத்துப்போகச் செய்யும் லிடோகெயினும், இரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்திருக்கும். 1987-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் எழுதிய முறை இது. பழைய உலர் முறையில் உறிஞ்சியதில் 20 முதல் 45 சதவீதம் வரை இரத்தமாக இருந்தது; இந்த நீர் வந்த பிறகு அது 1 சதவீத அளவுக்கு வந்தது. பெரிய நன்மைதான். ஆனால் லிடோகெயினுக்கு வரம்பு உண்டு. உடல் எடையில் கிலோவுக்கு 35 மி.கி. என்று கிளைன் சொன்ன அளவுப்படி 60 கிலோ எடையுள்ளவருக்கு 2,100 மி.கி. மட்டுமே. தவிர, அந்த மருந்து இரத்தத்தில் உச்சத்தைத் தொட ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகும். காலை 9 மணிக்கு அறுவை என்றால் உச்சம் இரவு 9 மணிக்கு. சாயங்காலமே வீட்டுக்கு அனுப்புகிற இடத்தில், அந்த நேரத்தில் யார் பக்கத்தில் இருப்பார்கள்? 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் இரவு மருத்துவமனையிலேயே தங்க வைத்து நாடியும் சிறுநீர் அளவும் பார்க்க வேண்டும் என்கிறது அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டல்.

1994 முதல் 1998 வரை அமெரிக்காவில் நடந்த 4,96,245 லைப்போசக்‌ஷன்களில் 95 பேர் இறந்ததாக ஒரு கணக்கெடுப்பு 2000-இல் வெளியானது. ஏறக்குறைய 5,200-க்கு ஒருவர். நுரையீரலுக்குப் போன இரத்தக் கட்டிதான் முதல் காரணம். நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூரில் 2022 மே மாதம் கொழுப்பு நீக்க அறுவைக்குச் சென்ற 21 வயது கன்னடச் சின்னத்திரை நடிகை உயிரிழந்தார். அந்த வயதில் ஒரு மகளை இழந்த வீட்டை நினைத்தால் மனம் பதறுகிறது.

இனி ஆண்டுக் கணக்கு. பயிற்சி மருத்துவர் காலத்தோடு எம்.பி.பி.எஸ். 5½ ஆண்டு, எம்.எஸ். 3 ஆண்டு, எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி 3 ஆண்டு. ஆக 11½ ஆண்டு. டி.ஆர்.என்.பி. என்ற பட்டமும் எம்.சிஎச்.-க்கு இணையானது. பலகையில் ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ என்று எழுத இத்தனை ஆண்டு தேவையில்லை, வித்தியாசம் அங்கேதான். கொங்கு நாட்டுக்காரருக்கு இந்தத் திறமை தூரத்தில் இல்லை. மில்லிலும் பம்ப் பட்டறையிலும் நசுங்கிய, துண்டான கைகளை ஒட்டவைத்தே கோவையில் இந்தத் துறை பேர் வாங்கியது. 1978-இல் தொடங்கிய கங்கா மருத்துவமனையில் மருத்துவர் எஸ். ராஜா சபாபதி வளர்த்தெடுத்த கை மற்றும் நுண் அறுவைப் பிரிவு உலகம் அறிந்தது. அந்த ஊரில் இருந்துகொண்டு தள்ளுபடி விளம்பரத்தை நம்பிப் போவது எனக்குப் புரியவில்லை.

ரூபாய்க்கு வருவோம். அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இல்லை, 18 சதவீதம் உண்டு. 1,00,000 ரூபாய் என்று சொன்னால் கட்டுவது 1,18,000. மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளின் பொது விலக்குப் பட்டியலில் 8-ஆம் எண் இந்த அறுவைதான். ஆக, முழுவதும் கைக்காசு. மயக்க மருத்துவர், அறை, இறுக்க உடை, திரும்ப வரும் பரிசோதனை எல்லாம் சொன்ன தொகைக்குள் அடங்குமா என்று கேட்க வேண்டும். இறுக்க உடையை 4 முதல் 6 வாரம் போட வேண்டும். வீக்கம் வடிந்து உருவம் தெரிய 3 முதல் 6 மாதம். தையில் கல்யாணம் என்றால் ஆடியில் அறுவை முடிந்திருக்க வேண்டும். மார்கழியில் போய் நின்றால் எந்த நல்ல மருத்துவரும் மறுப்பார். புகைப்பவர் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் மருத்துவரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் அவருடைய பட்டத்தைப் பாருங்கள். எத்தனை லிட்டர் எடுப்பார், இரவு அந்தக் கட்டடத்தில் எந்த மருத்துவர் இருப்பார், தீவிர சிகிச்சைப் பிரிவு எங்கே என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் செய்துகொள்ளாதீர்கள்.