லங்காவிக்குப் போகும் வழியில் கடாரம்



பள்ளி விடுமுறை வந்ததும், தோட்டத்தில் நாலைந்து குடும்பங்கள் கூட்டுச் சேர்ந்து வேன் பிடித்து லங்காவிக்குப் போவது உண்டு. கோல கெடாவில் பெர்ரி ஏறிவிட்டால் கடல், மணல், மாசூரி கல்லறை, வரியில்லாக் கடைகளில் சாக்லெட் என்று இரண்டு நாள் பறந்துவிடும். நல்லது, போய் வாருங்கள். இன்று நாம் பேசப்போவது, அந்தப் பயணத்தில் வேன் நிற்காமல் கடந்துபோகிற ஓர் இடத்தைப் பற்றி.

தெற்கிலிருந்து செல்பவர்கள் சுங்கை பட்டாணியைத் தாண்டியதும் இடப்பக்கம் பாருங்கள். மேகம் சூடி நிற்பது குனோங் ஜெராய். உயரம் 1,217 மீட்டர். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்குக் கரையை முதலில் காட்டியது இந்த மலைதான். தென்மேற்குக் காற்றில் வந்தவர்கள், வடகிழக்குக் காற்று எழும்வரை திரும்ப முடியாது. மாதக்கணக்கில் தங்க வேண்டும். தங்கிய இடத்தில் துறையும் சந்தையும் வழிபாட்டிடமும் தோன்றாமல் இருக்குமா? அதுவே பூஜாங் பள்ளத்தாக்கு. நம் கல்வெட்டுகள் கூறும் கடாரம் இந்தக் கெடாப் பகுதிதான்.

இராசேந்திர சோழன் 1025-இல் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தை வென்றான் என்று தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. அதைக் கேட்டதும், இங்குள்ள கோயில்களெல்லாம் சோழன் கட்டியவை என்று சிலர் பெருமையாகச் சொல்லிவிடுகிறார்கள். அது சரியன்று. படை வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டுகளிலேயே, இவ்வட்டாரத்தில் பல்லவ எழுத்தில் பௌத்தக் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. வணிகர் கொண்டுவந்த சமயத்தை இந்நாட்டு மக்கள் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். வாள் கொண்டுவந்ததைவிடப் பாய்மரம் கொண்டுவந்ததே அதிகம் என்பது நமது எண்ணம்.

பீடோங்கில் திரும்பி, செமிலிங் வழியாக மெர்போக் போனால் புக்கிட் பத்து பஹாட் வரும். அங்கே 1980-இல் திறக்கப்பட்ட அரும்பொருளகம் இருக்கிறது. மணிகள், சீனப் பீங்கான் ஓடுகள், சிலைகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. வெளியே ஓடையோரத்தில் கருங்கல்லால் ஆன கோயில் அடித்தளம் ஒன்று உண்டு. "கூரை எங்கே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். முன்மண்டபத்தில் வட்டமான கற்களைக் காட்டுங்கள். நடுவில் குழி இருக்கும். மரத்தூண்கள் நின்ற இடம் அது. மரம் மக்கிப் போயிற்று, கல் மிஞ்சியது.

இது தோட்டத்து மக்களாகிய நமக்கு ஏன் முக்கியம்? இந்தச் சின்னங்கள் பல, தோட்ட நிலங்களுக்குள்ளேயே கிடந்தன. 1936, 37-ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேயர் தம் மனைவியுடன் வந்து தோண்டிப் பார்த்தபோது, ஏறத்தாழ முப்பது இடங்களைக் குறித்து வைத்தார். சுங்கை பத்துவில் 2009 முதல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோண்டி, இரும்பு உருக்கிய உலைகளையும் செங்கல் படித்துறையையும் கண்டார்கள். அவற்றின் வயதைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

அதே வட்டாரத்தில் பதினொன்றாம் எண் என்று குறிக்கப்பட்டிருந்த சண்டி ஒன்று, வீடமைப்புக்காக நிலம் சீர்செய்தபோது இயந்திரத்தால் இடிக்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டு இறுதியில்தான் செய்தி வெளியே தெரிந்தது. ஆயிரம் ஆண்டு மழைக்குத் தாங்கிய செங்கல், மண்ணோடு மண்ணாயிற்று.

ஆகவே கன்றுக் குழி வெட்டும்போதோ கால்வாய் தோண்டும்போதோ வரிசையாய் அடுக்கிய பழஞ்செங்கல், செதுக்கிய கல், மணி, பீங்கான் ஓடு எது தென்பட்டாலும், மேற்கொண்டு தோண்டாதீர்கள். வீட்டுக்கும் எடுத்துப் போகாதீர்கள். பொருளை அதன் இடத்திலிருந்து அகற்றிவிட்டால், எந்த ஆழத்தில் எதனோடு கிடந்தது என்று பிறகு அறிய வழியில்லை. இத்தகைய பொருளைக் கண்டவர் தெரிவிக்க வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம். தோட்ட அலுவலகத்தில் சொல்வதோடு நில்லாமல், மாவட்ட அதிகாரி அலுவலகத்திலும் நேரே சொல்லுங்கள். மலாய் மொழியில் எழுதித்தர வேண்டுமானால், தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம்.