எஞ்சினுக்குக் காது முளைத்த வருஷம்



உன் வீட்டுப் பரணிலோ அலமாரியிலோ ஒரு பழைய போட்டோப் பெட்டி இருக்கும். அதிலிருந்து ஒரு படத்தை எடுத்து, "இது எப்போ எடுத்தது?" என்று கேட்டுப் பார். தாத்தா ஒரு வருஷம் சொல்வார். பாட்டி, "இல்லவே இல்லை" என்று வேறொரு வருஷம் சொல்வார். பின்னால் திருப்பிப் பார்த்தால் தேதி இருக்காது.

அப்போது, "சரி, விடு" என்று படத்தைப் பெட்டியில் போடாமல், "எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று நீ யோசித்தால், சபாஷ்! உனக்குள் ஒரு விஞ்ஞானி உட்கார்ந்திருக்கிறார்.

இன்று நாம் அந்த வேலையைத்தான் செய்யப்போகிறோம். அதற்காகப் பிரிட்டனுக்குப் போவோம். அங்கே பல வீட்டு ஆல்பங்களில் நீராவி எஞ்சின் ஒன்று நிச்சயம் நிற்கும். ஊருக்குப் புறப்படும்போது, யாரையாவது வழியனுப்பும்போது, சும்மா ரயில் பார்க்கப் போனபோது எடுத்த படங்கள்.

ஒரு படத்தை நாம் கற்பனை செய்துகொள்வோம். இங்கிலாந்தில் டான்காஸ்டர் என்ற ஊர். ஒரு சிறுமிக்கு வீட்டுப் பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைக்கிறது. பிளாட்பாரத்தில் ஓர் அம்மா. இடுப்பில் கம்பளிக் குல்லாய் போட்ட கைக்குழந்தை. பக்கத்தில் அரை டிராயர் போட்ட ஒரு பையன். அவர்களுக்குப் பின்னால் பெரிய எஞ்சின்.

"அந்தப் பையன் நான்தான். 1959-இல் எடுத்தது" என்கிறார் சிறுமியின் தாத்தா.

குடும்பம் நம் கற்பனை. ஆனால் அந்த எஞ்சின் நிஜம். அதன் பெயர் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன். 1923-இல் இதே டான்காஸ்டர் தொழிற்சாலையில்தான் அதைக் கட்டினார்கள். 1934-இல் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுப் பெயர் வாங்கிய எஞ்சின் அது.

சரி, படத்தைப் பார்ப்போமா? எஞ்சினின் முகத்தில், வட்டமான கதவின் மேல் ஓர் எண் தகடு இருக்கிறது. 60103. இதுதான் நம் முதல் துப்பு.

இந்த எஞ்சினின் எண் பலமுறை மாறியது. பிறந்தபோது 1472. அடுத்த ஆண்டு 4472. 1946-இல் சில மாதம் 502, பிறகு 103. 1948 முடிவதற்குள் 60103.

ஏன் இப்படி? உன் பள்ளியை வைத்தே சொல்கிறேன். உன் வகுப்பில் நீ 12-ஆம் எண். பக்கத்துப் பள்ளியிலும் ஒரு 12-ஆம் எண் இருப்பான். நான்கு பள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டால்? மணி அடித்ததும் வாத்தியார், "பன்னிரண்டு!" என்று கூப்பிட்டால் நான்கு பேர், "உள்ளேன் ஐயா" என்பார்கள்!

பிரிட்டனில் அதுதான் நடந்தது. அங்கே நான்கு பெரிய ரயில் கம்பெனிகள் இருந்தன. 1948 ஜனவரி 1 அன்று அரசு அவற்றை எடுத்துக்கொண்டு ஒரே ரயில்வே ஆக்கியது. குழப்பம் வராமல் இருக்க, தென்பகுதிக் கம்பெனியின் எஞ்சின் எண்களோடு 30,000-ஐக் கூட்டினார்கள். இன்னொரு கம்பெனிக்கு 40,000. நம் எஞ்சின் ஓடிய வடகிழக்குக் கம்பெனிக்கு 60,000. கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி எஞ்சின்கள் மட்டும் பழைய எண்களையே வைத்துக்கொண்டன.

103-ஓடு 60,000-ஐக் கூட்டு பார்ப்போம். வந்துவிட்டதா 60103? ஆக, நம் படம் 1948-க்கு முன்னால் எடுத்ததாக இருக்க முடியாது. தாத்தா சொன்ன 1959 இதுவரைக்கும் தப்பில்லை.

இரண்டாவது துப்பு இன்னும் ருசியானது. எஞ்சின் முகத்தின் இரு பக்கமும் பார். யானைக் காது மாதிரி இரண்டு இரும்புத் தகடுகள் செங்குத்தாக நிற்கின்றன. எஞ்சினுக்குக் காது எதற்கு?

கொஞ்சம் பொறுமையாகக் கேள். நீராவி எஞ்சினில் வேலை முடித்த ஆவி சும்மா போகாது. புகைபோக்கி வழியாக, "குப்! குப்!" என்று சீறிக்கொண்டு வெளியேறும். போகிற போக்கில் அடுப்புப் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் அடுப்புக்குள் புதுக் காற்று வந்து, நெருப்பு நன்றாக எரியும். அடுப்பை ஊதுகுழலால் ஊதுகிறோமே, அந்த வேலையை இங்கே ஆவி இழுத்துச் செய்கிறது.

1959 ஜனவரியில் இந்த எஞ்சினுக்கு இரட்டைப் புகைபோக்கி வைத்தார்கள். ஒரு வாசல் இருந்த கொட்டகைக்கு இரண்டு வாசல் வைத்தால் கூட்டம் நெரிசலில்லாமல் வெளியேறும் அல்லவா? அதுபோல ஆவி சுலபமாக வெளியேறியது. எஞ்சின் நன்றாக ஓடியது.

ஆனால் ஒரு தொல்லையும் கூடவே வந்தது. என்னவென்று ஊகி பார்ப்போம்.

ஆவியின் சீற்றம் குறைந்துவிட்டது! முன்பு உயரே எகிறிய புகை, இப்போது சோம்பலாக எஞ்சின் முதுகிலேயே தவழ்ந்தது. டிரைவரின் ஜன்னலை மறைத்தது. பாதையோரத்துச் சிக்னல் தெரிய வேண்டாமா? அதற்காக 1961-இன் கடைசியில் அந்தக் காதுகளைப் பொருத்தினார்கள். எஞ்சின் ஓடும்போது எதிர்க்காற்று தகடுகளுக்கு உள்பக்கமாகப் புகுந்து மேலே ஏறும். பட்டத்தைக் காற்று தூக்குவதுபோலப் புகையைத் தூக்கிவிடும். டிரைவருக்குப் பாதை தெளிவாகத் தெரியும்.

புரிந்ததா? அப்படியானால் நீயே சொல். காது இருக்கிற இந்தப் படத்தை 1959-இல் எடுத்திருக்க முடியுமா?

முடியாது! மாங்காய் காய்க்காத மாதத்தில் மாங்காய் தின்றேன் என்கிற கதைதான்.

இனி மறுமுனையைத் தேடுவோம். இந்த எஞ்சின் பிரிட்டிஷ் ரயில்வேக்கு ஓடிய கடைசி நாள் 1963 ஜனவரி 14. அதன்பின் ஒரு தனிமனிதர் அதை விலைக்கு வாங்கினார். காதைக் கழற்றினார்கள். 4472 என்ற பழைய எண்ணும் திரும்பி வந்தது. ஆகவே நம் படம் 1961 கடைசிக்கும் 1963 ஜனவரிக்கும் நடுவில் எடுத்தது.

அவசரப்படாதே, ஒரு பொறி இருக்கிறது! அண்மைக் காலத்தில் இதே எஞ்சினைப் பழுது பார்த்து, 2016-இல் மறுபடி ஓட விட்டார்கள். அப்போது மீண்டும் 60103 என்ற எண், மீண்டும் காதுகள்! போன வருஷம் எடுத்த படத்தைக்கூட யாராவது கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் நாம் ஏமாந்துபோவோம்.

அப்படியானால் யார் நம்மைக் காப்பாற்றுவார்? அந்தக் குல்லாய்க் குழந்தைதான்!

நம் சிறுமி படத்தை எல்லோருக்கும் காட்டுகிறாள். தாத்தாவின் அக்கா, "அந்தக் குல்லாய் அம்மா பின்னியது. பாப்பாவுக்கு முதல் குளிர் வந்தபோது" என்கிறார். பாப்பா யார்? தாத்தாவின் தங்கை. அவருக்கு போன் போடுகிறார்கள். "நான் பிறந்தது 1962 ஜூன்" என்கிறார் அவர்.

முடிச்சு அவிழ்ந்தது! பிறந்தது ஜூனில். குல்லாய் முதல் குளிருக்கு. எஞ்சின் ஓய்ந்தது ஜனவரியில். எனவே படம் 1962-இன் கடைசி மாதங்களில், அல்லது 1963 தொடங்கிய இரண்டே வாரத்தில் எடுத்தது.

படத்தில் எஞ்சினைச் சுற்றியுள்ள வெள்ளைப் படலமும் குளிருக்குச் சாட்சி சொல்கிறது. உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது, தெரியுமா? இட்லிப் பானையின் மூடி ஓரத்தில் பார். ஆவி வெளிவரும் இடத்தில் ஒன்றும் தெரியாது. சற்றுத் தள்ளித்தான் வெள்ளையாகத் தெரியும். அது குளிர்ந்து துளித்துளியான தண்ணீர். காற்று எவ்வளவு குளிராக இருக்கிறதோ, அவ்வளவு அடர்த்தியாக வெள்ளை தெரியும்.

படத்தில் எஞ்சின் ஏன் ஓடாமல் நிற்கிறது என்று கேட்டாயா? நல்ல கேள்வி. அந்தக் காலத்துச் சாதாரணப் பெட்டிக் கேமராவின் கண், ஏறக்குறைய ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடும். மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் ரயில் ஒரு விநாடியில் 25 மீட்டர் ஓடும். 25 மீட்டரை 50-ஆல் வகு. அரை மீட்டர்! கேமரா கண் சிமிட்டுவதற்குள் எஞ்சின் அரை மீட்டர் நகர்ந்து, படம் கலங்கிப்போகும். நிற்கும் எஞ்சின்தான் அந்தக் கேமராவுக்குச் சௌகரியம்.

இன்னொன்று. படம் ஓரத்தில் பழுப்பேறியிருக்கிறதே, ஏன்? கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது மிக நுண்ணிய வெள்ளித் துகள். உன் அக்காவின் வெள்ளிக் கொலுசு நாளானால் கறுக்கிறதல்லவா? காற்றில் கலந்திருக்கும் கந்தகம் செய்யும் வேலை அது. அதே கந்தகம் படத்திலுள்ள வெள்ளியையும் நிறம் மாற்றிவிடும். பழைய படங்களை வெயில் படாமல், ஈரம் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். ஒட்டுநாடாவே கூடாது.

சரி, தாத்தா பொய் சொன்னாரா? இல்லை கண்ணு. 1959-இலும் அவர் ரயில் பார்க்கப் போயிருப்பார். நினைவு இரண்டு நாட்களை ஒரே நாளாக மடித்து வைத்துவிட்டது. நம் எல்லோருக்கும் நடப்பதுதான்.

இப்போது கணக்குப் பார். எண்ணும் காதும் இல்லாவிட்டால் தாத்தாவின் தவறு தெரிந்திருக்காது. தங்கையின் பிறந்த மாதம் இல்லாவிட்டால் எண்ணும் காதும் நம்மை ஏமாற்றியிருக்கும். அந்தக் குல்லாய்க் கதையோ அக்காவுக்கு மட்டுமே தெரியும். பெட்டியைத் தனியாகத் திறந்து பார்த்திருந்தால் சிறுமிக்கு ஓர் எஞ்சினும் மூன்று முகங்களும் மட்டும்தான் கிடைத்திருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுப் பெட்டியை இறக்கு. சைக்கிளோ, ஸ்கூட்டரோ, கடைப் பலகையோ, சுவர்க் காலண்டரோ, படத்தில் ஏதாவது ஒரு துப்பு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் கேள். பதில் கிடைத்ததும் படத்தின் பின்பக்கம், மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதி வை. நம் சிறுமி இப்படி எழுதுகிறாள்:

"டான்காஸ்டர். 1962-63 குளிர்காலம். அம்மா, தாத்தா, பாப்பா. எஞ்சினுக்குக் காது முளைத்த பிறகு."

எழுதி முடித்ததும் தாத்தா படத்தை வாங்கிப் பார்த்துச் சிரிக்கிறார். "அம்மா இல்லை, கொள்ளுப்பாட்டி என்று எழுது. இல்லாவிட்டால் உன் பேரப்பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்" என்கிறார்.