டிரைமெத்தில்டின் குளோரைடு: ஆய்வகத்தில் அதன் நச்சுத்தன்மையும் கையாளும் நெறிகளும்

ஆய்வுச்சுருக்கம்

கரிம வெள்ளீயச் சேர்மங்களுள் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் கடுமையால் தனித்து நிற்பது டிரைமெத்தில்டின் குளோரைடு. ஸ்டில் பிணைப்பு வினைக்கு வேண்டிய வினைபொருள்களை ஆக்குவதற்காக இது இன்றும் கரிம வேதியியல், பல்லுறுப்பி வேதியியல் ஆய்வகங்களில் பயன்படுகிறது. இதன் நச்சு எதனால் எழுகிறது, பாதிப்பு ஏன் காலந்தாழ்ந்து வெளிப்படுகிறது, வழக்கமான ஆய்வகப் பழக்கங்களுள் எவை இதற்குப் போதாதவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கரிம வெள்ளீயம், டிரைமெத்தில்டின், ஸ்டில் வினை, நரம்பு நச்சு, ஆய்வகப் பாதுகாப்பு

முன்னுரை

தமிழர் அடுக்களையில் ரசம் வைக்கப் பயன்படும் ஈயச்சொம்பு காரீயத்தால் ஆனதன்று, வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரங்களுக்கு உள்ளே பூசப்படும் ஈயமும் வெள்ளீயமே. உணவோடு உட்செல்லும் கனிம வெள்ளீயத்தைக் குடல் மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது, பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. இந்த நீண்ட பழக்கம் வெள்ளீயம் என்ற பெயருக்கே ஒரு நம்பிக்கையைத் தேடித் தந்துள்ளது. அந்த நம்பிக்கை வெள்ளீய அணு கரிம அணுவோடு நேரடியாகப் பிணையும்போது பொருந்தாது. எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட் 1849இல் டைஎத்தில்டின் டைஅயோடைடை ஆக்கியது முதல் இத்தகைய சேர்மங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றின் நச்சுத்தன்மையை மருத்துவ உலகம் முழுமையாக உணர மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

அமைப்பும் நச்சும்

நான்கு பிணைப்புகளை உடைய வெள்ளீய அணுவில் எத்தனை கரிமத் தொகுதிகள் உள்ளன என்பதே நச்சின் அளவைப் பெரிதும் முடிவு செய்கிறது. மூன்று தொகுதிகள் உள்ள சேர்மங்களே மிகக் கொடியவை. ஒன்றும் இரண்டும் உள்ளவை ஒப்பீட்டளவில் மென்மையானவை. நான்கு உள்ளவை நேரடியாகத் தாக்குவதில்லை எனினும், கல்லீரல் அவற்றிலிருந்து ஒரு தொகுதியை நீக்கி மூன்றுள்ள வடிவமாக மாற்றிவிடுகிறது. ஆகவே டெட்ராஎத்தில்டின் போன்றவற்றைப் பாதுகாப்பானவை எனக் கொள்வது பிழை. அவை தாமதித்து வரும் நஞ்சுகள்.

தொகுதியின் நீளமும் முக்கியமானது. பாலூட்டிகளுக்கு மெத்தில், எத்தில் சேர்மங்கள் மிகக் கொடியவை. சங்கிலி நீள நீள நச்சு குறைகிறது. ஆக்டைல் சேர்மங்கள் சில, உணவு பொதியும் பிவிசி நெகிழியில் நிலைப்படுத்தியாகச் சேர்க்கப்படும் அளவுக்குத் தீங்கு குறைந்தவை. ஒரே அலமாரியில் ‘டின் சேர்மங்கள்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் இவை எல்லாவற்றையும் அடுக்கிவைக்கும் வழக்கம் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

குளோரைடு என்ற பகுதிக்கு நச்சில் பங்கு சிறிது. நீரில் பட்டதும் அது பிரிந்து, வேறொன்று அவ்விடத்தைப் பிடிக்கிறது. நஞ்சு மூன்று மெத்தில் தொகுதிகளோடு கூடிய வெள்ளீய நேரயனியில் உள்ளது. வெள்ளீய-கரிமப் பிணைப்பை நீர் உடைப்பதில்லை. எனவே நீர் ஊற்றிக் கழுவுவதால் இச்சேர்மம் அழிவதில்லை. இடம் மட்டுமே மாறுகிறது. நச்சின் அடிப்படையில் மைட்டோகாண்டிரியாவின் ஆற்றல் ஆக்கத்தை மூவல்கைல் சேர்மங்கள் தடுப்பது பொதுவாகக் காணப்படுகிறது. ஆயினும் எந்த உறுப்பு முதலில் பாதிக்கப்படும் என்பது சேர்மத்துக்குச் சேர்மம் மாறுகிறது. டிரைஎத்தில்டின் மூளையின் வெண்பொருளில் நீர்கோத்த வீக்கத்தை உண்டாக்குகிறது. டிரைமெத்தில்டின் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதியின் நரம்பணுக்களையே கொல்கிறது.

இரு நிகழ்வுகள்

1954இல் பிரான்சில் கட்டிகளுக்கு மருந்தாக ஸ்டாலினான் என்னும் உறைமாத்திரை விற்கப்பட்டது. அதில் இருந்ததாகக் கூறப்பட்டது டைஎத்தில்டின் டைஅயோடைடு. இருநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஏறத்தாழ நூறு பேர் இறந்தனர். மாசாகக் கலந்திருந்த டிரைஎத்தில்டினே முதன்மைக் காரணமாகக் கருதப்பட்டது.

இரண்டாவது நிகழ்வு 1987இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கையில் பதிவானது. ஜெர்மனியில் டைமெத்தில்டின் டைகுளோரைடு ஆக்கும் கொப்பரையைத் தூய்மை செய்த ஆறு தொழிலாளர் டிரைமெத்தில்டின் ஆவியைச் சுவாசித்தனர். ஒருவர் இறந்தார். செவித்திறன் குறைவு, திசைமயக்கம், நினைவிழப்பு, அடங்காச் சினம், மிகையான பசி, வலிப்பு, தள்ளாட்டம் ஆகியன அவர்களிடம் காணப்பட்டன. உயிர் பிழைத்தோருள் சிலருக்கு நினைவுக் குறை நீடித்தது. அறிகுறிகள் உடனே தோன்றவில்லை; ஒன்று முதல் மூன்று நாள்கள் கழித்தே தோன்றின.

இரு நிகழ்வுகளிலும் பெயரளவில் இருந்தது இரண்டு தொகுதிகள் உள்ள சேர்மம். கேடு விளைத்தது மூன்று தொகுதிகள் உள்ள சேர்மம். புட்டியின் மேலுள்ள பெயரை மட்டும் நம்பும் ஆய்வாளர் கருதத்தக்க ஒற்றுமை இது. ஜெர்மனி நிகழ்வில் மற்றொன்றும் உண்டு: பாதிப்பு நேர்ந்தது வினை நடந்தபோதன்று, கலனைக் கழுவியபோது. ஆய்வகங்களில் கவசமும் கவனமும் வினை முடிந்தவுடன் தளர்ந்துவிடுவதும், குடுவை கழுவும் பணி இளைய மாணவரிடம் ஒப்படைக்கப்படுவதும் அரிதல்ல.

அளவு பற்றிய தெளிவு

டிரைமெத்தில்டின் குளோரைடு வெண்ணிறப் படிகம்; ஏறத்தாழ 37 முதல் 39 பாகை செல்சியஸில் உருகுகிறது; 148 பாகையில் கொதிக்கிறது. அறை வெப்பத்திலேயே ஆவியாகும் இயல்புடையது. ஐரோப்பிய நூல்கள் இதனைத் திண்மம் என்றே குறிக்கும். கோடையில் குளிரூட்டியில்லாத தமிழ்நாட்டுச் சேமிப்பறையில் இது நீர்மமாகவே இருக்கக்கூடும். இரவில் மீண்டும் உறைந்து மூடியின் உட்புறத்தில் படிகமாக ஒட்டியிருக்கவும் கூடும். எனவே இதைக் குளிர்பதனத்தில் வைப்பதும், குளிர்ந்த நிலையிலேயே புகையுறிஞ்சிப் பெட்டிக்குள் திறப்பதும் இங்குக் கூடுதல் இன்றியமையாதவை.

எலிகளுக்கு வாய்வழி கொடுத்தபோது பாதியைக் கொல்லும் அளவு கிலோகிராம் உடல் எடைக்கு 12.6 மி.கி. எனக் கண்டறியப்பட்டுள்ளது. பணியிடக் காற்றில் கரிம வெள்ளீயத்துக்கு அமெரிக்காவில் வகுக்கப்பட்ட வரம்பு, வெள்ளீயமாகக் கணக்கிட்டு, கன மீட்டருக்கு 0.1 மி.கி. இச்சேர்மத்தின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு வெள்ளீயம் ஆதலால் அவ்வரம்பு 0.17 மி.கி. சேர்மத்துக்குச் சமம். 100 கன மீட்டர் கொள்ளளவுள்ள, காற்றோட்டமற்ற ஓர் அறையில் 17 மி.கி. ஆவியானாலே வரம்பு எட்டப்பட்டுவிடும். எடைக்கரண்டியின் நுனியில் ஒட்டியிருக்கும் அளவு அது. திறந்த தராசில் நிறுத்தெடுக்கும் வழக்கம் இச்சேர்மத்துக்கு ஏன் ஒவ்வாது என்பதை இக்கணக்கே காட்டுகிறது. டெட்ராஹைட்ரோஃபியூரான் அல்லது ஹெக்சேனில் கரைத்த கரைசலாக வாங்கி ஊசிக்குழலால் மாற்றுவது நல்லது; ஆவியின் அச்சம் அப்போதும் நீங்குவதில்லை, நிறுக்கும் கட்டம் மட்டுமே தவிர்க்கப்படுகிறது. கடுநெடி உண்டு என்பது உண்மை. மூக்கை எச்சரிக்கைக் கருவியாகக் கொள்வது மடமை.

கையாளும் நெறிகள்

தோல் வழியாகவும் இது உட்புகும். மெல்லிய நைட்ரைல் கையுறை ஒன்றே போதும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. 1996இல் டார்ட்மவுத் கல்லூரியின் வேதியியலாளர் கரென் வெட்டர்ஹானின் லேடெக்ஸ் கையுறைமீது சில துளி டைமெத்தில் பாதரசம் சிந்தியது. 1997 ஜூனில் அவர் இறந்தார். அது வேறு உலோகம். எனினும் கையுறையைக் கரிம உலோகச் சேர்மம் கடந்து செல்லும் என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. பல அடுக்கு நெகிழிப் படலக் கையுறையை உள்ளே அணிந்து, அதன்மேல் நைட்ரைல் கையுறை அணிவதும், சிந்தியவுடன் இரண்டையும் கழற்றி மாற்றுவதும் ஏற்ற முறை.

பெரும்பாலும் கவனிக்கப்படாத இடம் சுழல் ஆவியாக்கி. லித்தியமேற்றிய தயோஃபீனோடு வினைபுரிய இச்சேர்மத்தைச் சற்று மிகையாகச் சேர்ப்பது வழக்கம். வெற்றிடத்தில் கரைப்பான் வெளியேறும்போது எஞ்சிய டிரைமெத்தில்டின் குளோரைடும் உடன் வெளியேறும். அது சேகரிப்புக் குடுவையிலும், வெற்றிட எக்கியின் எண்ணெயிலும், எக்கியின் வெளிக்காற்றிலும் சேர்கிறது. குளிர்பொறி இன்றியும், எக்கியின் வெளிவாய் புகையுறிஞ்சியோடு இணைக்கப்படாமலும் இப்பணியைச் செய்தால், வினை நிகழ்த்தியவர் பாதுகாப்பாக இருக்க, அருகில் வேறு பணி செய்பவர் நஞ்சைச் சுவாசிப்பார்.

விளைபொருளிலிருந்து டிரைமெத்தில்டின் எச்சத்தை நீரால் கழுவி எளிதில் நீக்கலாம் என்பது நூல்கள் கூறும் நன்மை. அந்த நீர் எங்கே செல்கிறது என்பதை அவை பெரும்பாலும் கூறுவதில்லை. நீரடுக்கு, கழுவிய கரைப்பான், சிலிக்கா, கையுறை அனைத்தும் தனிக் கலனில் பெயரிட்டுச் சேர்க்கப்பட்டு, 2016ஆம் ஆண்டின் இடர்மிகு கழிவு மேலாண்மை விதிகளின்படி உரிமம் பெற்ற நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும். தொட்டியில் ஊற்றுவதன் விளைவுக்கு டிரைபியூட்டைல்டினின் வரலாறு சான்று: கப்பல் வண்ணப்பூச்சில் பயன்பட்ட அது, லிட்டருக்குச் சில நானோகிராம் அளவிலேயே பெண் கடல்நத்தைகளில் ஆண் உறுப்புகளைத் தோற்றுவித்தது. 2001இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு உடன்படிக்கை 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பின்னரே கப்பல்களில் அதன் பயன்பாட்டுக்குத் தடை உறுதியாயிற்று.

மாற்று வழிகள்

பியூட்டைல் சேர்மங்கள் ஆவியாதல் குறைந்தவை. உடனடி நச்சும் குறைவு. அவற்றின் எச்சத்தைப் பொட்டாசியம் ஃபுளோரைடால் கரையாத ஃபுளோரைடாக வீழ்படியச் செய்யலாம். பத்து விழுக்காடு பொட்டாசியம் கார்பனேட் கலந்த சிலிக்காவில் வடித்தும் நீக்கலாம். சிறு மூலக்கூறு தொகுப்பில் பெரும்பாலும் இம்மாற்றே போதும். கரிமச் சூரிய மின்கலப் பல்லுறுப்பிகளில் நிலைமை வேறு. அங்கு ஒருபடிகளின் தூய்மையே பல்லுறுப்பியின் மூலக்கூறு எடையைத் தீர்மானிக்கிறது. டிரைமெத்தில்டின் வழிப்பொருள்கள் பலவும் மறுபடிகமாக்கித் தூய்மை செய்யத்தக்க திண்மங்கள். பியூட்டைல் வழிப்பொருள்கள் பெரும்பாலும் எண்ணெய்கள். போரான் வழிச் சுசுகி வினைக்கு மாறலாம் எனினும் தயோஃபீன் போரான் சேர்மங்கள் சில எளிதில் போரானை இழக்கின்றன. ஆதலின் இச்சேர்மம் அத்துறையில் உடனே மறையும் எனக் கூற இயலாது.

மருத்துவ உதவி

இந்நஞ்சுக்கெனத் தனி மாற்றுமருந்து இல்லை; துணைநிலை மருத்துவமே செய்யப்படுகிறது. பாதிக்கப்பட்டவர்களிடம் இரத்தப் பொட்டாசியம் குறைவது பதிவாகியுள்ளது. சிறுநீரில் வெள்ளீயத்தை அளந்து நஞ்சேற்றத்தை உறுதி செய்ய முடியும். இடர் என்னவெனில், இரண்டு நாள் கழித்து மறதியோடும் காரணமற்ற சினத்தோடும் வரும் இளைஞரை மருத்துவர் மனநலப் பிரிவுக்கு அனுப்பக்கூடும். பாதிக்கப்பட்டவரோ நினைவு குழம்பிய நிலையில் தாம் கையாண்டதைச் சொல்ல முடியாதவராக இருப்பார். எனவே இச்சேர்மத்தைக் கையாளும் நாளையும் அளவையும் ஆய்வகப் பதிவேட்டில் எழுதுவதோடு, சேர்மத்தின் பெயர் எழுதிய சீட்டினை உடன் பணிபுரிபவர் ஒருவரிடமும் விடுதி அறைத் தோழரிடமும் முன்னரே கொடுத்து வைப்பது நலம். சிந்தியோ சுவாசித்தோ இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், நலமாக உணர்ந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் சென்று குறைந்தது மூன்று நாள்கள் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.