டார்ச் விளக்கு வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

அரூர் வட்டத்தில் சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்யச் செல்லும் நாம், சில இரவுகளில் அங்கத்தினர் இல்லங்களில் தங்குவதுண்டு. அத்தகைய ஓரிரவு, கரும்புக்கு நீர் பாய்ச்சச் சென்ற அன்பர் ஒருவருடன் வரப்பில் நடந்தோம். பாதி வழியில் அவருடைய டார்ச் விளக்கு அணைந்தது; வாங்கி ஆறு திங்களே ஆகியிருந்தது. கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் இரவில் இரை தேடுபவை என்பதை அறிந்தவர்க்கு, அவ்விருளில் நின்ற நேரம் எத்தகையது என்று கூற வேண்டுவதில்லை.

மறுநாள் அவ்விளக்கைப் பிரிக்க முயன்றோம்; இயலவில்லை. மூடி ஒட்டப்பட்டிருந்தது. உள்ளிருந்த பேட்டரி வலுவிழந்ததும் விளக்கு முழுவதும் வீணாயிற்று. ஆதலின் விளக்கு வாங்குவோர் ஒளியை மட்டுமன்றி, அதனைப் பிரித்துப் பழுது பார்க்க இயலுமா என்பதையும் பார்த்தல் அவசியம்.

1899-இல் அமெரிக்காவில் டேவிட் மிசெல் என்பார் காப்புரிமை பெற்ற விளக்கில், ஒரு குழாயில் கட்டைகள் வரிசையாக அடுக்கப்பட்டு, முனையில் பல்பு பொருத்தப்பட்டிருந்தது. அடிப்படை அமைப்பு இன்றும் அதுவே. கண்ணாடி, பிரதிபலிப்புக் கிண்ணம், பல்பு, சுவிட்சு, குழாய், சுருள்வில், அடிமூடி ஆகியவை தனித்தனியே கழன்று வருமாயின், கெட்டதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நாடா உடைந்ததற்காகத் தறியையே எறிவார் உண்டோ?

இனி, பேட்டரி வகைகளைக் காண்போம்.

பெரிய கட்டை சுமார் 34 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 வோல்ட் அழுத்தமும் உடையது. இரண்டு கட்டை விளக்குக்கு 3 வோல்ட், மூன்று கட்டைக்கு 4.5 வோல்ட் கிடைக்கும். சாதாரணக் கட்டையின் துத்தநாகக் கூடே மின்சாரம் உண்டாகையில் கரைந்து மெலிகிறது. எனவே தீர்ந்த கட்டையை உள்ளேயே விட்டுவைத்தால் நீர் கசிந்து சுருள்வில்லை அரிக்கும். பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடுதலும் தவறு.

பென்சில் பேட்டரி சுமார் 14 மில்லிமீட்டர் விட்டமுடையது. வோல்ட் அதுவே எனினும் உட்பொருள் குறைவாதலால் விரைவில் தீரும். மின்சாரம் நின்ற வேளையில் அறுந்த பாவு இழையைத் தேடும் நெசவாளர்க்கு இது போதும், வயலுக்குப் போதாது.

மின்னேற்றும் வகையில், 4 வோல்ட் காரீய அமில பேட்டரி விலை மலிந்தது. ஆனால் ஏற்றாமல் பல வாரங்கள் கிடந்தால் கெடும். லித்தியம் வகையில் 18650 என்பது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது, சுமார் 3.7 வோல்ட் தரும். பல நூறு முறை ஏற்றலாம். மேலுறை கிழிந்ததையும் தயாரித்தவர் பெயரற்றதையும் கொள்ளலாகாது. அவை சூடேறித் தீப்பற்றவும் கூடும்.

இரவில் வயலுக்குச் செல்வோர்க்கு நாம் கூறுவது இதுவே: கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரியுள்ள எல்.இ.டி. விளக்கொன்றும், ஏற்றிவைத்த மாற்று பேட்டரியொன்றும் கொள்க. மின்சாரம் அடிக்கடி நிற்கும் மலையூர்களில், கடையில் எளிதிற் கிடைக்கும் பெரிய கட்டை விளக்கே ஏற்றது.

அங்கத்தினர் பலர் ஒரே வகை விளக்கைச் சங்கத்தின் வழியே வாங்குவாராயின், மாற்று உறுப்புகளையும் சங்கத்தில் இருப்பு வைக்கலாம். தீர்ந்த பேட்டரிகளையும் அங்கேயே சேர்த்து வைக்கலாம். அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர் மீது சுமத்தியுள்ளன. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனைப் பரிசீலிப்பார்களாக.