கரும்பாலையும் மாதிரிக் கணக்கும்

திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்பாலைகள் உள்ளன. திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை அமைந்துள்ளது. தொழில்கள் வேறாயினும் இவை அனைத்திற்கும் ஒரு பொதுத் தேவை உண்டு. வெப்பம், அழுத்தம், ஓட்டம் முதலியவற்றை இடைவிடாது அளந்து வரம்புக்குள் நிறுத்த வேண்டும். இதற்கான கருவியமைப்பை மாதிரிக் கணக்கின் துணையோடு வகுக்கும் முறையை, நம் அங்கத்தினர் நன்கறிந்த கரும்பைக் கொண்டே விளக்குவோம்.

பிழிந்த சாறு இயல்பிலேயே சற்றுப் புளிப்புத் தன்மை உடையது. வெள்ளைச் சர்க்கரை செய்யும் ஆலைகளில் அதை ஏறத்தாழ 70 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கி, சுண்ணாம்புப் பாலும் கந்தகப் புகையும் செலுத்தி, பி.எச். அளவை 7-ஐ ஒட்டி நிறுத்துவர். புளிப்பு மிகுந்தால் சர்க்கரையின் ஒரு பகுதி படிகமாகாத இனிப்பாகச் சிதைந்து கழிவுப்பாகோடு போய்விடும். காரம் மிகுந்தால் சாறு நிறம் கறுக்கும். கரும்பின் ஆதார விலை சர்க்கரைக் கட்டுமானத்தைப் பொறுத்தது. ஆகவே, தொட்டியில் நேரும் பிழை விவசாயியின் வருவாயையும் தொடும்.

இங்கே ஓர் இடர் உண்டு. சுண்ணாம்பு சேர்ந்து கலந்து, சாறு அளவுக்கருவியை அடையச் சிறிது நேரம் ஆகும். அதற்குள் அளவு குறைவென்று மேலும் சுண்ணாம்பு விட்டால் காரம் எல்லை கடக்கும். உடனே நிறுத்தினால் மீண்டும் புளிப்பு ஏறும். இவ்வாறு ஊசலாடிக்கொண்டே இருக்கும்.

நெசவாளர் தறியில் பட்டு ஏற்றுமுன் கட்டக் காகிதத்தில் புட்டாவை வரைந்து பார்ப்பதில்லையா? அதுபோலப் பொறியாளரும் தொட்டியின் கொள்ளளவு, சாற்றின் வேகம், கலக்கும் நேரம் ஆகியவற்றைச் சமன்பாடுகளாக்கிக் கணிப்பொறியில் ஒரு தொட்டியை அமைக்கின்றனர். எவ்வளவு சுண்ணாம்பு விட்டால் எப்பொழுது என்ன விளையும் என்பதை அது முன்கூட்டிக் கூறும். கட்டுப்படுத்தும் கருவியை முதலில் இக்கணக்குத் தொட்டியோடு இணைத்துச் சோதிப்பர். அங்கே எத்தனை பிழை நேரினும் ஒரு படி சாறும் வீணாகாது. பிறகே அது ஆலைக்குச் செல்லும்.

இவ்வெண்ணம் புதியதன்று. நீராவி இயந்திரத்தின் வேகத்தை அடக்க 1788-இல் ஜேம்ஸ் வாட் சுழல்குண்டுக் கருவியைப் பொருத்தினார். அத்தகைய கருவிகள் சில வேளை நிலைகொள்ளாது ஆடுவதன் காரணத்தை 1868-இல் மாக்ஸ்வெல் கணிதத்தால் விளக்கினார்.

எனினும், கணக்கு எத்துணைச் சிறந்ததாயினும் அளவு மெய்யாக இருத்தல் வேண்டும். சாற்றின் படிவு ஒட்டிய பி.எச். கருவி பொய் கூறும். அதை நம்பும் கணக்கும் பொய்க்கும். கருவியைத் துடைத்துத் தெரிந்த கரைசலில் ஒப்பிட்டுப் பார்க்கும் தொழிலாளியின் கவனமும் இம்முறையில் ஓர் உறுப்பேயாகும். கூட்டுறவு ஆலை உறுப்பினர்களின் உடைமை. கட்டுமானம் எவ்வளவு என்று கேட்கும் நாம், அளவுக்கருவிகள் எப்பொழுது சரிபார்க்கப்பட்டன என்றும் பொதுக்குழுவில் கேட்போமாக.