சாளரத்தடியில் ஒரு கீரைப்பாத்தி

தலவாக்கலை, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் அமைந்த ஊர். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பசுமையே; எனினும் அப்பசுமையில் உண்ணத்தக்கது சிறிதே. லயத்து அறைகளில் வாழ்வோர் பலருக்குக் கீரை விதைக்க ஒரு பாத்தி நிலமும் வாய்ப்பதில்லை. அவர்கட்குச் சாளரத்தின் விளிம்பும் இஸ்தோப்பின் ஓரமுமே தோட்டமாதல் கூடும்.

இம்முயற்சிக்கு மலைநாட்டுக் குளிர் பகையன்று, துணையே ஆகும். வெப்பம் மிகுந்தால் சலாது விதை முளையாது உறங்கும். கொத்தமல்லி விரைந்து பூத்து இலை குன்றும். தண்மை இவ்விரண்டிற்கும் ஏற்றது. ஆயினும் ஒளி இன்றியமையாதது. ஒளி குன்றிய நாற்று, தண்டு நீண்டு வெளிறிச் சாயும். ஆதலின் சலாதும் கொத்தமல்லியும் சாளரத்தை ஒட்டியே இருத்தல் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றால் வானம் மூடிக்கிடக்கும் மாதங்களில், அரைநிழலைத் தாங்கும் புதினாவும் வல்லாரையும் தக்கவை.

மண்ணில் ஒரு நுட்பம் உண்டு. தேயிலை அமில மண்ணை விரும்பும் பயிர். 4.5 முதல் 5.5 வரையான பீ.எச். அளவு அதற்கு உகந்தது. சலாதும் வெந்தயமும் 6 முதல் 7 வரையான அளவில் செழிப்பவை. எனவே தேயிலை மலையில் அள்ளிய மண்ணை அவ்வாறே இட்டால் கீரை வாடுதல் வியப்பன்று. மக்கிய எருவுடன் சிறிதளவு அடுப்புச் சாம்பல் கலந்தால் புளிப்புத் தணியும். வெற்றுப் பால்மா டின்னின் அடியில் நான்கைந்து துளைகள் இடுதல் வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகி நாற்று மடியும். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து விதைத்தல் வழக்கம். வெந்தயக்கீரையை மூன்று நான்கு வாரங்களில் கொய்யலாம். சலாதின் வெளியிலைகளை மட்டும் கிள்ளினால் நடுக்குருத்து மேலும் தழைக்கும்.

இதன் பயன் யாது? தோட்டப் பெண்களிடையே குருதிச்சோகை நெடுநாளைய துன்பம். ஒரு டின் கீரை அதனைத் தீர்த்துவிடாது. வெளிறிய முகமும் ஓயாக் களைப்பும் உடையோர் மருத்துவரை நாடுதல் வேண்டும். கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. தேசிக்காய்ச் சாற்றிலுள்ள விற்றமின் சி அதனை ஏற்கத் துணைபுரியும். உணவோடு அருந்தும் தேநீரோ அதனைத் தடுக்கும். ஆதலின் உணவுண்டு ஒரு மணி நேரமேனும் கழித்துத் தேநீர் அருந்துதல் நன்று. ஊருக்கெல்லாம் கொழுந்து கொய்யும் கை, தன் பிள்ளையின் கலத்திற்கும் நாலிலை கொய்தல் வேண்டும். அதற்கு ஒரு சாளரமும் ஒரு டின் மண்ணும் போதும்.